பைபிள் உறையில் ஒரு டிஸ்க்

அக்கா,

ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னோர் இடத்தில் எடுத்து வைக்கிறோமே, அது யாருக்காக? நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. நீ இருந்தால், "உனக்காகத்தாண்டி, வேற யாருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். நான் கேட்பது, எனக்குப் பிறகு யாருக்காக என்று. நீ கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டாய். எனக்கு நடந்தது நிலைக்கவில்லை. அண்ணன் பிள்ளைகள் நல்லவர்கள்தான். ஆனால் அத்தைகள் இரண்டு பேர் போனில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று உட்கார்ந்து கேட்கிற பொறுமை அவர்களுக்கு எந்த வயதில் வரும்? வராது என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று மாலை கல்லூரியிலிருந்து வந்து விளக்கைப் போட்டபோது பல்லி கத்துகிற சத்தம் கேட்டது. சுவரில் பார்த்தேன். ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் பார்த்தேன். இல்லை. சத்தம் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. சித்தூரிலிருந்து நான் கொண்டுவந்து வைத்த உன் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எதுவோ டிக், டிக் என்றது, கொஞ்சம் நின்றது, மறுபடியும் டிக் என்றது. நம் வீட்டில் பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்த பழக்கம் கிடையாது. நைனா அதைக் கேலி செய்வார். ஆனால் இந்தச் சத்தத்துக்குப் பலன் என்ன என்று எனக்கே தெரிந்தது. நீதான் சொல்லியிருக்கிறாய்: "டிஸ்க்கு சத்தம் போட ஆரம்பிச்சா அப்புறம் ரொம்ப நாள் பேசாது."

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுரேஷுக்குப் போன் செய்தேன். தெலுங்குக்காரர். என்னோடு பேசும்போது இரண்டு மொழியையும் கலந்துகொள்வார்.

"ஆஃப் பண்ணிடுங்க மேடம். ரேப்பு, நாளைக்கு வந்து பாக்கறேன். பேக்கப் உந்தி கதா?"

"இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு."

"அப்போ இன்னா மேடம் பயம்? டிஸ்க்கு போனா போவட்டும்."

அந்த 'இரண்டு' என்ற சொல்லை எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அது உன் குரலில் சொன்னது. நீதான் அப்படிச் சொல்வாய், பீரோவுக்கு இரண்டு சாவி இருக்கிறவள் மாதிரி.

புது டிஸ்க் வாங்கவேண்டும், அதோடு நல்ல பேக்கப் மென்பொருளாக ஒன்றும் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் என் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள், பக்கம் பக்கமாக. எல்லாமே சிறந்தது. எல்லாமே பாதுகாப்பானது. எதை எடுத்தாலும் ஒரே சொடுக்கு. பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எல்லாமே சிறந்தது என்று எழுதியிருந்தால் எழுதியவருக்கு யாரோ ஏதோ கொடுக்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துவிடும். மூடிவிட்டேன். நீ தேர்ந்தெடுத்த நாள் ஞாபகம் வந்தது.

சித்தூரில் அண்ணன் வீட்டு மாடியில் உன் அறை. ஒரு ஞாயிறு. கோயில் முடிந்து வந்து, கீழே அண்ணி சமைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மேலே வந்து நான் படுக்கப் பார்த்தேன். நீ விடவில்லை. நீ வேலை பார்த்த ஆபீசில் அதற்கு முந்தின வாரம்தான் கம்ப்யூட்டர் படுத்து, வருஷக்கணக்கான பதிவுகள் ஒரே மத்தியானத்தில் காணாமல் போயிருந்தன. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நீ நடித்துக் காட்டினாய். அன்றிலிருந்து உனக்கு இது ஒரு வெறி. நாலு மென்பொருளைச் சோதனைக்காக இறக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பெண் பார்க்கப் போனவள் மாதிரி குறை சொல்லிக்கொண்டிருந்தாய்.

"இது இன்னா தெரியுமா பாப்பா? ஊறுகா ஜாடி. எல்லாத்தையும் அமுக்கி அமுக்கி உள்ள போட்டுக்கும். நம்ம கைய வுட்டு எடுக்க முடியாது. அவன் கரண்டிதான் வோணும். அவன் கடைய மூடிக்கினு போய்ட்டா?"

"அப்போது இணையத்தில் வைக்கிறதுதானே?"

"அது வாடக வூடு. வாடக நின்னா சாமான தெருவுல வச்சிடுவான்."

"இது?"

"இது நம்ம அண்ணி மாதிரி. ஒன்னையும் தூக்கிப் போடாது. நீ அழிச்சதும் இருக்கும், திருத்தினதும் இருக்கும், திருத்தறதுக்கு முன்னாடி இருந்ததும் இருக்கும். கட்டிலுக்கு அடியில எல்லாம் பழைய பை."

கீழேயிருந்து அண்ணி, "என் பேரு இன்னாத்துக்கு அடிபடுது?" என்று கேட்டாள். அந்த வீட்டில் மாடியில் முணுமுணுத்தாலும் கீழே கேட்கும்.

"ஒன்னுமில்ல அண்ணி, உங்களத்தான் கம்ப்யூட்டர்ல போடலாமான்னு பாக்கறோம்!"

நாலாவதை எடுத்தாய். அதில் ஒரு பச்சை பட்டன்தான். டிஸ்க்கைச் சொருகி அதை அமுக்கினால், கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அப்படியே டிஸ்க்கிலும் இருக்கும். ஜாடி கிடையாது, கரண்டி கிடையாது.

"இதான் கண்ணாடி. இங்க நான் நின்னா அங்கயும் நான் நிக்கறேன்."

"நீ நகர்ந்துவிட்டால்?" என்று கேட்டேன். எதைக் காட்டினாலும் ஒரு கேள்வி கேட்பது என் பழக்கம். அதில் பெரிய யோசனை எதுவும் கிடையாது.

"நகர்ந்து எங்க போறேன், இந்தச் சித்தூர வுட்டு?"

அதையே வைத்துக்கொண்டாய். காரணமும் சொன்னாய். நான் அதை இன்று வரை மறக்கவில்லை. "நான் இல்லன்னாலும் நீ இதத் தொறக்கணும் பாப்பா. எவ்ளோ படிச்சி இன்னா, உனக்குக் கம்ப்யூட்டர் வராது. பீரோவத் தொறந்தா பொடவ தெரியற மாதிரி, சொருவினவுடனே எல்லாம் கண்ணு முன்னால நிக்கணும்." அப்போது உனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. அல்லது இருந்தது நமக்குத் தெரியவில்லை.

இரண்டு டிஸ்க் வாங்கினாய். கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று. "ரெண்டு சாவியையும் ஒரே கொத்துல மாட்டாதே" என்பது உன் பேச்சு. அதனால் ஒன்று சித்தூரில் உன்னிடம், ஒன்று திருப்பதியில் என்னிடம். மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் திருவிருந்து ஆராதனை. அன்றைக்கு எப்படியும் நான் சித்தூர் வருவேன். திருவிருந்து தவறினால் நைனா காலத்திலிருந்து நம் வீட்டில் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று உனக்குத் தெரியும். என்னிடம் இருப்பதை நான் கொண்டுவருவேன், உன்னிடம் இருப்பதை வாங்கிக்கொண்டு போவேன். பஸ்ஸில் அடிபடாமல் கொண்டுபோக என்ன செய்யலாம் என்று பார்த்தபோது நீ உன் ஜிப் வைத்த பைபிள் உறையை எடுத்தாய். பைபிளுக்கும் கீர்த்தனைப் புத்தகத்துக்கும் நடுவில் டிஸ்க் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

"சாத்தானுக்கு இதுல கை வைக்க தைரியம் வராது" என்றாய்.

"பஸ்ஸில் பிக்பாக்கெட் அடிக்கிறவனுக்கு?"

"அவனுக்கும் வராது. பைபிள் திருடி இன்னா பண்ணப் போறான், மனந்திரும்பவா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. திருப்பதி பஸ் நிலையத்தில் என்னோடு ஏறுகிறவர்கள் மலையிலிருந்து இறங்கியவர்கள். மொட்டைத்தலை, சந்தனம், மடியில் லட்டுப் பை. என் மடியில் பைபிள் உறை. சந்திரகிரி தாண்டும்போது உனக்குப் போன் செய்வேன். "எல்லாரும் லட்டு எடுத்துக்கினு போறாங்க, நீ டிஸ்க்கு எடுத்துக்கினு வர" என்று ஒவ்வொரு தடவையும் அதே கேலி. பாதி நாள் நீ எடுக்கவே மாட்டாய். கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் போனைக் கைப்பையில் போட்டிருப்பாய், அது உள்ளே எதிலோ உரசித் தானாகவே எடுத்துக்கொள்ளும். நான் அக்கா, அக்கா என்று கத்திக்கொண்டிருப்பேன். நேரில் வந்து சொன்னால், "இவ்ளோ நேரம் பைகிட்டயா பேசிக்கினு இருந்த? அது இன்னா சொல்லுச்சி?" என்பாய்.

அந்தப் போன் பேச்சுகளைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

நீ உன் போனில் வருகிற பேச்சு எல்லாம் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தாய். ஆரம்பித்தது ஒரு கிறிஸ்துமஸ் புடவைச் சண்டையில். எனக்குப் புடவை எடுக்கவில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நான்தான் வேண்டாமென்று சொன்னதாக நீ சொன்னாய். நான் சொல்லவேயில்லை என்றேன். நீ போனை மேஜைமேல் வைத்து ஒரு பட்டனை அமுக்கினாய். என் குரல் வந்தது: "எனக்குப் புடவையெல்லாம் எதற்கு அக்கா, இருக்கிறதே போதும்." அண்ணி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"உன் வாயே உனக்குச் சாட்சி. இப்ப சொல்லு."

"இது வேவு பார்க்கிறது."

"பாக்கறேன். உன்னையும் போட்டுக்கச் சொல்றேன், வோணாம்னுட்ட."

வேண்டாமென்றுதான் சொன்னேன். ஒருவர் வைத்திருந்தால் போதாதா என்று நினைத்தேன். போனில் பதிவாவது வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டருக்கும் போய்விடும்படி செய்திருந்தாய். கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனிக்காரர்களின் பேச்சை நீ போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். இரண்டு இடத்தில் துடைக்க உனக்குச் சோம்பல். மிச்சமிருந்தது முக்கால்வாசி நாம் பேசியது. அதற்கு 'பாப்பா' என்று ஒரு ஃபோல்டர். ஐம்பதை நெருங்குகிறவளுக்கு வீட்டில் அந்தப் பெயர்தான் என்பது என் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் தினமும் பேசியது எல்லாம் அதில் இருந்தது. பேச்சென்றால் என்ன பேச்சு? நீ "துன்னியா?" என்று ஆரம்பிப்பாய். நான் "சாப்பிட்டேன்" என்பேன். என்ன குழம்பு, யாருக்குக் காய்ச்சல், பஸ்ஸில் கூட்டமா, போதகர் பிரசங்கத்தை நீட்டினாரா. ஒன்றுமே இல்லாத பேச்சு.

வேலூரில் உன்னைச் சேர்த்தபோது கணையத்தில் என்றார்கள். அதற்குமேல் அவர்கள் சொன்னதை நான் தெளிவாகக் கேட்டேன், புரிந்துகொண்டேன், அண்ணனுக்குப் பாதிதான் சொன்னேன். உனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில் உன் குரல் தேய்ந்து, பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும்படி ஆனது. நீ ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன்.

"டிஸ்க்க மாத்தினியா?"

"இந்த ஞாயிறு மாற்றுகிறேன்."

"வுட்டுடாத."

விடவில்லை அக்கா. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். உன்னை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் திருவிருந்து ஞாயிறன்றும் நான் பைபிள் உறையோடு பஸ் ஏறினேன். கோயிலில் உன் இடத்தில் யாரோ கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்பு டிஸ்க்கைச் சொருகினேன். பச்சை பட்டனை அமுக்கினேன். முடிந்தது என்று வந்ததும் எடுத்து அங்கே வைத்துவிட்டு, நீலத்தை உறையில் போட்டுக்கொண்டு திருப்பதி வந்தேன். அடுத்த மாதம் நீலத்தைக் கொண்டுபோய் அதேபோல் செய்தேன். பிறகு கம்ப்யூட்டரையே இங்கே எடுத்துவந்தேன். அதற்குப் பிறகும் மாதாமாதம் இங்கே பட்டனை அமுக்கி, ஒன்றைக் கொண்டுபோய் அண்ணியின் பீரோவில் வைத்து, மற்றதை வாங்கி வந்தேன். அண்ணி ஒன்றும் கேட்க மாட்டாள். புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டுவாள்.

'பாப்பா'வை மட்டும் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்று சொன்னால் உனக்குப் புரியும், ஆனால் அது முழுதும் உண்மையில்லை. இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது, இரண்டு ஊரில் இருக்கிறது. பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நேற்றிரவு சாப்பிடாமல் படுத்தேன். இன்று காலை சுரேஷ் வந்து பெட்டியைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் தாங்காது என்றார். அவர் முன்னாலேயே என்னிடம் இருந்த நீல டிஸ்க்கை என் லேப்டாப்பில் சொருகினேன், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று காட்ட. நீ சொன்னபடியே பீரோ திறந்தது போல் எல்லாம் தெரிந்தது. நைனா போட்டோக்கள் இருந்தன. பாட்டுகள் இருந்தன. உன் வருமானவரிக் காகிதங்கள் இருந்தன. 'பாப்பா' இருந்தது. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

உன் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னேன். டிக், டிக்கென்று வெகுநேரம் கழித்து வந்தது. அங்கேயும் ஃபோல்டர் இருந்தது, காலியாக.

"மேடம், இதி மிர்ரர். இக்கட போத்தே அக்கட கூடா போதுந்தி" என்றார் சுரேஷ். இங்கே போனால் அங்கேயும் போகும். கையால் இரண்டு பக்கமும் காட்டினார், குழந்தைக்குச் சொல்வது போல. "இன்னொரு டிஸ்க்கு?"

"அது சித்தூரில். அதையும் இதே பட்டனால்தான்."

"நடுவுல எப்பயாவது திறந்து பாத்தீங்களா?"

"இல்லை."

"ஒக்கசாரி கூடா?"

"ஒருமுறைகூட இல்லை."

அவர் திருகாணிகளை எண்ணுகிறவர் மாதிரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்குப் போன் செய்தேன். உன் போன் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. நீ போன பிறகு அண்ணன் அவளுக்குக் கொடுத்துவிட்டார், அதில் தவறொன்றும் இல்லை.

"அண்ணி, அக்கா போனில் பழைய பேச்செல்லாம் பதிவாகியிருந்ததே, இருக்கிறதா?"

"அதா பாப்பா? எடமில்ல எடமில்லன்னு கத்திக்கினே இருந்துச்சி. எங்கிட்ட வந்த புதுசுல கடக்காரன்கிட்ட குடுத்தேன். போட்டோவெல்லாம் அப்படியே வச்சிட்டு, அத மட்டும் தொடச்சிக் குடுத்தான். அதான் நெறய எடம் புடிச்சிக்கினு இருந்துச்சாம்." பிறகு, "எதுக்குக் கேக்கற? தப்பா?" என்றாள்.

"இல்லை அண்ணி. சும்மாதான்."

"கம்ப்யூட்டர்லதான் எல்லாம் இருக்குதே. நீதான் மாசாமாசம் எடுத்துக்கினு போறியே."

"ஆமாம் அண்ணி."

"துன்னியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. விளங்குவதைப் போல ஒரு கொடுமை இல்லை. முதல் திருவிருந்து ஞாயிறன்று நான் மாடியில் உன் கம்ப்யூட்டரைப் போட்டபோது, துடைத்த போன் கீழே அண்ணி கையில் இருந்தது. நீ செய்து வைத்திருந்தபடி அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரும் தன் பங்கைத் துடைத்துக்கொண்டது. அதற்குமேல் நான் பச்சை பட்டனை அமுக்கினேன். கறுப்பு டிஸ்க் அன்றைக்குக் காலியானது. ஆனால் நீலம், அக்கா? நீலம் அப்போது நிறைந்திருந்தது. நீ கடைசியாக உன் கையால் எடுத்து வைத்தது. அதை நான் உறையில் போட்டு, மடியில் வைத்து, பூதலப்பட்டு வழியாகத் திருப்பதிக்குக் கொண்டுவந்தேன். ஒரு மாதம் முழுக்க அது என் அலமாரியில் இருந்தது. நான் அதற்கு எதிரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். நீ "துன்னியா?" என்று கேட்பது எட்டிக் கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் இருந்தது. அடுத்த திருவிருந்துக்கு நானே பத்திரமாகச் சித்தூருக்கு எடுத்துப்போய், நானே பட்டனை அமுக்கினேன்.

அந்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்திருந்தால் போதும். பஸ் வேலைநிறுத்தம் நடந்திருந்தால் போதும். நீ சொன்னதை நான் ஒரே ஒரு தடவை விட்டிருந்தால் போதும். நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பாதிரியார் சொன்னாலும் பத்திரிகை சொன்னாலும் அதற்கு ஆதாரம் கேட்பேன். உன் பட்டன் ஒன்றைத்தான் கேள்வி கேட்காமல் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. எனக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாய். ஊறுகாய் ஜாடியாக இருந்திருந்தால் கரண்டி கிடைக்காமல் தவித்திருப்பேன், ஆனால் உள்ளே நீ இருந்திருப்பாய். அண்ணி மாதிரி என்று சிரித்தோமே, அந்த மூன்றாவது மென்பொருளை வைத்திருந்தால் அழித்த பிறகும் கட்டிலுக்கு அடியில் பழைய பைகளாக நீ அங்கேயே கிடந்திருப்பாய். நமக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் கண்ணாடியை எடுத்தோம். நீ நகர்ந்தாய், அதில் யாரும் இல்லை.

அண்ணியிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவள் அழுவாள், அழுதபடியே எனக்குச் சோறு போடுவாள், நான் அதைச் சாப்பிட வேண்டியிருக்கும்.

மத்தியானம் அந்த மூன்றாவது மென்பொருளைத் தேடி எடுத்து லேப்டாப்பில் போட்டேன். இப்போது அது இன்னும் மெருகாக இருக்கிறது. எவ்வளவு நாள் பழசுவரை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டது. 'எப்போதும்' என்று ஒரு தேர்வு இருந்தது. அதை அமுக்கினேன். ஆயுள் காப்பீடு எடுக்காததற்கு நீ என்னைத் திட்டியது ஞாபகம் வந்தது. போட்டோக்களுக்கும் வருமானவரிக் காகிதங்களுக்கும் இனி ஆபத்தில்லை. நீ ஐம்பது கிலோவுக்குக் கீழே போன பிறகு அண்ணன் வலுக்கட்டாயமாக எடுத்த அந்தப் போட்டோகூட என்றைக்கும் இருக்கும். வேண்டியது போய், வேண்டாதது நிலைத்துவிட்டது.

சுரேஷ் உன் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போயிருக்கிறார். அழிந்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருள்களும் உண்டாம். "நாள் ஆயிடுச்சி மேடம், மேல மேல எழுதியிருக்கும். டிஸ்க்கு வேற சாவறதுக்கு இருக்குது. ஆசை வைக்காதீங்க" என்றார். வைக்கவில்லை என்றேன். வைக்கவில்லை என்று உனக்கும் எழுதியிருப்பேன், நீ நம்பியிருக்க மாட்டாய்.

நாளை மறுநாள் திருவிருந்து ஞாயிறு. உறை மேஜைமேல் இருக்கிறது. உன்னுடைய பேச்சில் ஒன்றை நான் சரியாகப் பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. மாற்றச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். நீ உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு முறையும் மாற்றி முடித்ததும் ஏதாவது ஒன்றைத் தொட்டுத் திறந்து, ஒரு பாட்டோ ஒரு போட்டோவோ ஓடுகிறதா என்று பார்ப்பாய். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பேன். "எடுத்து வச்சா ஆச்சா? தொறந்து பாக்கணும்" என்பாய்.

நேற்று இதோடு நிறுத்திவிட்டேன். இன்று நடந்ததை எழுதி இதை முடிக்கிறேன்.

சுரேஷ் பத்து மணிக்குமேல் வந்தார். வாசலிலேயே, "மேடம், ஒக்கட்டி வச்சிந்தி! ஒன்னு வந்துச்சி!" என்றார். மற்றதெல்லாம் பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே இல்லை, ஒன்று மட்டும் முழுதாக வந்திருக்கிறது, வாய்ஸ் நன்றாக இருக்கிறது என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பென்டிரைவை என் லேப்டாப்பில் சொருகி ஓடவிட்டார்.

முதலில் சரசரவென்று ஒரு சத்தம். துணியோ தோலோ உரசுவது போல. சாவிக்கொத்து ஒன்று குலுங்கியது. தூரத்தில் பஸ் ஹாரன், கண்டக்டர் ஏதோ ஊர்ப் பெயரைக் கூவுகிறார். பிறகு என் குரல்: "அக்கா? ... ஹலோ, அக்கா? ... லைனில் இருக்கியா? ... கேக்குதா?" மறுபடியும் சரசரப்பு. மறுபடியும் நான். "அக்கா, கேக்குதா?" பிறகு நானே வைத்துவிடுகிறேன்.

உன் கைப்பை எடுத்த போன் அது.

"இது அவங்களா மேடம்?" என்று சுரேஷ் மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன். அவர் சந்தோஷமாகப் போனார்.

அதை நீல டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கிலும் எடுத்து வைத்தேன். நீலத்தை உறையில் பைபிளுக்கும் கீர்த்தனைப் புத்தகத்துக்கும் நடுவில் வைத்து ஜிப்பை மூடினேன். பிறகு மறுபடியும் ஜிப்பைத் திறந்து, டிஸ்க்கை எடுத்து, சொருகி, ஓடவிட்டுப் பார்த்தேன். நன்றாகக் கேட்கிறது.